நான்தான்கள்

கதவில் யாரோ சிப்பி உரசுவது போலத்தான் முதலில் கேட்டது. கடைசி பஸ் திரும்பிப் போய், ஐஸ் கம்பெனி மோட்டாரும் ஓய்ந்து, கடல் மட்டும் தன்பாட்டுக்குப் புரண்டுகொண்டிருந்த இருட்டில், ஒரு மட்டிச் சிப்பியை மரப்பலகையில் மேலிருந்து கீழே இழுப்பது போல, இழுத்து நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இழுப்பது போல ஒரு சத்தம், "யாரு?" என்று நான் உள்ளிருந்து கேட்க, சிப்பிக்கரையில் பிறந்த எவரும் எதைச் சொல்வார்களோ அதையே அதுவும் சொன்னது. "நான்தான்" என்றது.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த இந்த ஊரில் வாசலில் நின்று பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பும் புருஷனும் நான்தான், தலைக்கூடையை இறக்கிவைக்க ஒரு கை வேண்டி நிற்கும் மாமியாரும் நான்தான், உறைமோர் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரியும் நான்தான். குரலை வைத்து ஆளை அறிந்துகொள்வது உள்ளே இருப்பவர் பொறுப்பு, அறியாவிட்டால் அது வந்தவருக்குச் செய்த மரியாதைக் குறைவு. பெயர் சொல்லித் தட்டுகிறவர்கள் போஸ்ட்மேனும் போலீஸும்தான். நான் படித்த கான்வென்டில் மட்டும் இது செல்லாது. வகுப்புக் கதவைத் தட்டி "நான்தான் சிஸ்டர்" என்றால், சிஸ்டர் ஜெர்த்ரூத் சாக்பீஸைக் கீழே வைக்காமலே, "நான்தான்னு ஒரு பிள்ளை என் அட்டெண்டன்ஸ்ல இல்லையே, அவளை வெளியிலேயே நிக்கச் சொல்லு" என்பார். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள், வெளியே நிற்பவளுக்குக் காது சிவக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அதையெல்லாம் கான்வென்டு மிடுக்கு என்று மூட்டை கட்டிவைத்துவிட்டு, நானும் எல்லாரையும் போல நான்தான் ஆகிவிட்டேன்.

தட்டியது காய்ச்சல். முழுக் காய்ச்சல் அல்ல, அதன் உடைசல். தலையைச் சுற்றி முள் வைத்திருந்ததால் முள்முடிக் காய்ச்சல் என்று பெயர் வாங்கிய அது, தவக்காலத்தில் ஊருக்குள் நுழைந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, சிலரைக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பி, ஈஸ்டர் கழிந்த பிறகு செத்துப்போயிருந்தது. ஊசிதான் கொன்றது என்று ஒரு கட்சியும், மாதா சுரூபத்தைத் தெருவில் தூக்கிவந்ததுதான் கொன்றது என்று ஒரு கட்சியும், நண்டு ரசம்தான் என்று ஒரு கட்சியும் இருந்ததே தவிர, அது செத்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செத்ததை எங்கள் உடம்புகள் துண்டு துண்டாக நறுக்கி வியர்வையோடு வெளியே தள்ளின. அந்தத் துண்டுகள் கரையில் கொஞ்ச நாள் கிடந்து, உப்பு ஏறி, எழுந்து வந்து தட்டின. உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு பக்கம் மீன் செதில் போல மினுக்கம், மறுபக்கம் முள் முறிந்த தழும்பு. விளக்கில் சாய்த்துப் பார்த்தால் நம் வீட்டு ஆள் யாரோ ஒருவரின் சாயல் தெரியும், ஒரு புருவம், ஒரு காது மடல், மூக்குத்தி குத்திய மூக்கின் ஓரம். அதனால் யாருக்கும் மிதிக்க மனம் வரவில்லை.

ஊர் பயப்படவில்லை. காய்ச்சலுக்கே பயந்து முடித்த ஊர், அதன் உடைசலுக்கு இன்னொரு தடவை பயப்பட அலுத்துப்போயிருந்தது. குழாயடியில், "நேத்து எங்க வீட்டுக்கு ரெண்டு நான்தான் வந்துச்சு" என்று ஒருத்தி சொல்ல, "எங்க வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் நொண்டி" என்று இன்னொருத்தி குறைப்பட்டாள். அவற்றுக்குப் பெயரும் அதுவே ஆகிவிட்டது. ஞாயிறு பூசையில் சாமி, செத்த மனுஷர்களுக்காக ஜெபிக்கிற நாம் செத்த காய்ச்சலுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னால் குறைந்தா போய்விடும் என்று கேட்டார், சொன்னோம். டீக்கடையில் பெஞ்சுக்கடியில் கிடந்தவற்றுக்கு, வடை உதிர்ந்தால் தள்ளிவிட்டார்கள். அவை தின்னவில்லை. ஆள் பார்த்துக்கொண்டிருந்தன.

முதலில் ஓட்டை விழுந்தது குழாயடி வியாகுலத்துக்கு. தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு குடம் வரிசையில் நுழைய முடியாது, நாலு பக்கமும் கையை நீட்டி, "யாருட்டி அது வரிசைக்குள்ள பூருதது? இது யாரு குடம்? நீ எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவள். ஒரு நான்தான் வந்து தட்டிய இரவு, கதவைத் திறந்து, வழக்கம் போலக் கையை நீட்டி, "நீ யாரு?" என்று கேட்டிருக்கிறாள், அது அவள் முழங்கை மடிப்பில் வந்து முத்தம் கொடுப்பது போல ஒட்டியிருக்கிறது, பின்னாலேயே இன்னும் சில வந்து அதோடு ஒட்டியிருக்கின்றன. ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ரத்தம் இல்லை, வலி இல்லை, காற்று போய்வரும்போது மெல்லிய விசில் மட்டும். மறுநாள் காலையில் யாரோ அவள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தங்கள் குடத்தை வைத்தார்கள். வியாகுலம் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். அடுத்தது படகுகளுக்குக் காவல் இருக்கும் தொம்மை. அடுத்தது எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீடு வீடாகக் கேட்டுப் போகிற நர்ஸம்மா. ஐஸ் கம்பெனி முதலாளி வளனரசு மடியிலும் ஒன்று ஏறியது, ஆனால் அவர் ஆயுசில் யாருக்கும் கை நீட்டியதில்லை. பிடித்துக்கொள்ள ஒரு மடிப்புக்கூட இல்லாமல் வழுக்கிக் கீழே விழுந்தது.

பிறகு என் மாமியார்.

இஞ்ஞாசியம்மாள் என்றால் ஏலக்கூடத்தில் வியாபாரிகள் ஒதுங்குவார்கள். செத்த மீனின் செவுளைத் தூக்கி, "எப்போ செத்த?" என்று மீனிடமே கேட்கிறவர். என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. ஏன் குழம்பில் புளி தூக்கல், ஏன் விடிந்தும் தூக்கம், கான்வென்டில் கோலியாட்டம் சொல்லிக்கொடுத்தார்களா துணி துவைக்கச் சொல்லிக்கொடுத்தார்களா. ஒரு காலையில் உப்பே போடாத கஞ்சியை வைத்துவிட்டு நான் பயந்து நிற்க, மாமி அதைக் கடைசிப் பருக்கை வரைக்கும் குடித்து, "நல்லாருக்கு மக்கா" என்றார். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன். அவர் சேலை முந்தானை விலகியபோது தோளுக்குக் கீழே காற்று விசிலடித்தது.

மகள் ஸ்தெல்லாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். காய்ச்சல் ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் முதலில் தொட்டது அவளைத்தான். டாக்டர் சுகிர்தாவின் மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் ஒரு நான்தான் மாட்டிக்கொண்டு கிடந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் குழந்தையின் நாக்கைப் பார்த்தார்.

"உடம்புக்குள்ள காவலுக்கு அணுக்கள் இருக்குல்ல ஜெசிந்தா, அது எல்லாம் ஒண்ணு போல இருக்காது" என்றார். "சிலது உருண்டையா, வழவழன்னு இருக்கும். சிலதுக்கு உடம்பெல்லாம் கை. நாலு பக்கமும் கையை நீட்டி, வர்றதையெல்லாம் தொட்டுப் பார்த்து, நீ யாரு, நீ நம்ம ஆளான்னு கேக்கறதுதான் அதுங்க வேலை. இந்த வைரஸோட புரதம் உடைஞ்ச துண்டுல சிலது, நம்ம உடம்பே தன்னைக் காப்பாத்திக்கச் செய்யற பொருளோட சாயல்ல இருக்கு. அதான் பக்கத்துல வர முடியுது. வந்து, கை நிறைய இருக்கிற அணுவாப் பார்த்து, அந்தக் கை வளையற இடத்துல கூட்டமா ஒட்டி, ஓட்டை போட்டுடுது. வழவழன்னு இருக்கறதை ஒண்ணும் செய்யறதில்ல."

"அப்போ அது உயிரோடதான் இருக்கா டாக்டர்?"

"இல்ல. அதுதான் எனக்கு எரிச்சல். செத்த பாம்புக்குப் பல்லு இருக்கற மாதிரி."

"நான்தான்" என்றது பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது.

"சும்மா கிட" என்றார் டாக்டர். பிறகு என்னிடம், "இவளுக்கு உள்ளே காவல் ரொம்பக் குறைஞ்சிருக்கு. திரும்ப வளரும், ஆனா அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் இவளுக்காக யாருன்னு கேக்கறதுக்கு வெளியில ஒரு ஆள் வேணும். உங்க வீட்டுல யாரு மிச்சம்?"

என் புருஷன், நாள்கணக்கில் கடலிலேயே கிடக்கும் தங்கல் போட்டில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். மாமிக்கு ஓட்டை. "நான்" என்று சொல்ல வாயெடுத்து, அந்தச் சொல்லே கூசியது. "ஜெசிந்தா" என்றேன்.

ஊர் அதற்குள் மிக நல்ல ஊராகிவிட்டிருந்தது. கேட்கிறவர்கள் எல்லாருக்கும் ஓட்டை விழுந்தபின் கேள்வி என்பதே இல்லை. ஆடுகள் கோவிலுக்குள் நடந்து போய்ப் பீடத்துப் பூவைத் தின்றன. எங்கிருந்தோ வந்த ஒரு ஆள் வியாகுலம் வீட்டில் நுழைந்து, நாள்கணக்கில் சாப்பிட்டு, அவள் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். கரையில் பாதியை யாரோ கம்பி வேலி போட்டு வளைத்தார்கள். வலை காய வைக்கப் போனவர்கள் வேலியைப் பார்த்து, வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மீன் விலையை வியாபாரி சொன்னான், ஆமாம் என்றார்கள். மாவட்டத்திலேயே புகார் வராத ஊர் என்று ஒரு அதிகாரி வந்து கேடயம் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பங்கு மன்றத்தில் மாட்டினார்கள்.

அந்தக் கேடயத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் தாழ்ப்பாள்களைப் பற்றிப் பேசினார்கள்.

"ராத்திரி பூரா கதவை உரசுது, தூக்கம் போவுது" என்றார் ஊர்க் கமிட்டிச் செயலாளர் அமலதாசு. "ஏன் உரசுது? தாழ்ப்பாள் போட்டிருக்கதுனால உரசுது. திறந்து கெடந்தா ஏன் உரசப்போவுது? ஆக, சத்தத்துக்குக் காரணம் தாழ்ப்பாள்தான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் குழந்தையோடு எழுந்து நின்றேன்.

"உள்ளே பிள்ளை இருக்கே அண்ணே?"

"பிள்ளை எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு. அதுக வந்து என்ன செய்யுது? கடிக்கா, பிடிக்கா? நான்தான்னு தன்மையாச் சொல்லுது. கயத்தான் பெண்டாட்டிக்குக் கான்வென்டுல பயத்தையும் ஒரு பாடமா வச்சிருப்பாவ போலிருக்கு."

சிரித்தார்கள். வகுப்புக்கு வெளியே நிற்பவளுக்குச் சிவப்பது போல எனக்குக் காது சிவந்தது. மறுநாள் ஆட்கள் வந்து எங்கள் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். மாமி அவர்களுக்குத் தேயிலை போட்டுக் கொடுத்தார். ஊர்த் தாழ்ப்பாள் முழுவதும் கோவிலில் பூசைச் சாமான் வைக்கும் சக்ரீஸ்து அறையில் குவிந்தது, பிறகு உருக்கிப் புது மணி செய்யலாம் என்று.

சத்தம் நின்றது உண்மைதான். உரசாமலே உள்ளே வந்தன. இருட்டுக்குக் காத்திருக்கவும் இல்லை.

நடுமதியம் கிணற்றடியில் துணி அலசிவிட்டு வந்தேன். தொட்டில் சேலைக்கு எதிரே மாமி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். தொட்டிலைச் சுற்றித் தரையில் அவை. ஒன்று ஒன்றாக, மெதுவாக, தாலாட்டு போல, "நான்தான், நான்தான்" என்று சொல்ல, ஸ்தெல்லா தொட்டிலுக்குள் எழுந்து உட்கார்ந்து, பல் முளைக்காத ஈறு தெரியச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். கை நீட்டாத பிள்ளை உண்டா? வருகிற எல்லாருக்கும் நீட்டும். நீட்டிய கையின் உள்ளங்கையில் ஒன்று ஒட்டியிருந்தது.

நான் என்ன செய்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஒட்டியிருந்ததை என் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினேன். விளக்குமாற்றால் மற்றவற்றை வாசலுக்கு வெளியே பெருக்கித் தள்ளினேன், ஒன்றில் என் அம்மாவின் மோவாய் இருந்தது, அதையும் தள்ளினேன். குழந்தையின் உள்ளங்கையில் கடுகளவு சிவப்பு. ஊதிப் பார்த்தேன். காற்று மறுபக்கம் போகவில்லை.

"பாவம், வெயில்ல தள்ளுதியே மக்கா" என்றார் மாமி.

"மாமி, அது யாரு? அதுக என்ன உறவு நமக்கு?"

"நான்தான்னு சொல்லுதுகளே" என்றார் அவர், கண்ணில் ஒரு கலக்கமும் இல்லாமல்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே கோவிலுக்கு நடந்தேன். பயமாகத்தான் இருந்தது, எனக்கு எப்போதும் பயம், கரப்பானுக்கும் பயம், கமிட்டிக்கும் பயம். ஆனால் பயந்தவளின் கால்கள்தான் வேகமாக நடக்கின்றன. சக்ரீஸ்து வாசலில் சாமி நின்றுகொண்டு ஆட்டுக்குப் பூ கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே போனேன். செயலாளர் அமலதாசு அங்கே குத்துவிளக்கு துடைத்துக்கொண்டிருந்தார், அவர் சட்டைக்குள்ளிருந்தும் இப்போது விசில் வந்தது. எங்கே போற, எதுக்கு வந்த, யாரைக் கேட்டு எடுக்குற என்று யாராவது கேட்பார்கள் என்று நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்கிறதைத்தான் தொலைத்துவிட்டார்களே. ஊர் இழந்ததே எனக்கு வழிவிட்டது. அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது, அதுவரைக்கும் பயம் மட்டும்தான்.

"உங்க எல்லார் சார்பாவும் நானே கேக்குதேன் அண்ணே" என்றேன். "ஜெசிந்தா, எதுக்கு இதை எடுக்க? என் பிள்ளை வீட்டுக்கு வாசல் இருக்கதுனால எடுக்கேன்."

"சரிம்மா" என்றார் அமலதாசு.

குவியலில் எல்லாம் துருவேறிய ஒரே இரும்பு. ஆனால் என் புருஷன் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டை எங்கள் தாழ்ப்பாளுக்குப் பூசியிருந்தார், சமையல் கரண்டிக்குப் பூசாததுதான் பாக்கி. அந்த நீலத்தைத் தேடிப் பிடித்து உருவினேன்.

வீட்டுக்கு வந்து, கதவின் பழைய துளைகளிலேயே வைத்து, கத்தி முனையால் திருகாணியை முறுக்கினேன். விரல் கிழிந்தது. முடித்து, தாழ்ப்பாளின் நாக்கைத் தள்ளினால் துளைக்குள் போகவில்லை. உப்புக்காற்றில் கதவு இறங்கியிருந்தது. அம்மிக்கல்லை நகர்த்த முயன்றேன், வரவில்லை. சாயங்கால மணி அடித்து இருட்டும் வந்தது. ஸ்தெல்லாவைத் தோளில் போட்டு, கதவில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். என் முதுகுதான் அன்றைக்குத் தாழ்ப்பாள்.

கரையில் படகு மோட்டார்கள் வந்து ஓய்ந்தன. கொஞ்ச நேரத்தில் என் முதுகெலும்பில் அந்த உரசல்.

"நான்தான்."

"மவன் வந்துட்டான்" என்று மாமி பாயிலிருந்து எழுந்தார். "தெற மக்கா."

"நான்தான்" என்றது இன்னொரு குரல். "நான்தான்" என்றது அதற்குப் பக்கத்தில். எல்லாமே அவர் குரல், எல்லாவற்றிலும் பீடி வாசம்கூட இருந்தது.

"வெளியே எனக்கு அஞ்சாறு புருஷன் நிக்காவ மாமி. எதுக்குத் தெறக்க?"

மாமி கதவின் கைப்பிடியைப் பிடித்தார். மீன்கூடை சுமந்த கை; இழுத்தால் என்னால் நிற்க முடியாது. நான் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு, கான்வென்டு வராந்தாவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "நான்தான்னு ஒரு ஆளு இந்த வீட்டு ரேஷன் கார்டுல இல்ல. வெளியிலேயே நிக்கச் சொல்லுங்க."

"நான்தான்."

"நான்தான்."

"என்னட்டி, கிறுக்கு புடிச்சிட்டா?"

வெளியிலிருந்து வந்த கேள்வி அது, நான்தான்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. அப்படியென்றால் இது அவர்தான். தெரிந்த குரல் என்று விலகியிருப்பேன். தெரிந்த குரல் என்று விலகித்தான் ஊர் இப்படி ஆனது.

"பேரைச் சொல்லுங்க" என்றேன்.

"என் வீட்டு வாசல்ல நின்னு நான் எதுக்குட்டி பேரு சொல்லணும்? நாலு பேரு பார்த்தா சிரிப்பான்."

"அந்த நாலு பேரும் உங்களைச் சுத்தித்தான் நிக்காவ. சிரிக்கட்டும்."

"கட்டுன நாள்லேருந்து நீ என் பேரைச் சொல்லிருக்கியா? ஏங்கன்னுதான கூப்புடுத. நீ சொல்லு முதல்ல, நான் சொல்லுதேன்."

"முதல்ல நீங்க. உள்ளே இருக்கது உங்க பிள்ளை."

ஒரு மனுஷர் தன் வாசலில் தன் பெயரைச் சொல்ல எவ்வளவு கூசுகிறார் என்பது கதவு வழியாகவே என் முதுகுக்குத் தெரிந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நற்கருணை வாங்கப் போகிற சிறுவன் போலச் சொன்னார்:

"கயத்தான். இஞ்ஞாசியம்மா மவன் கயத்தான். ஸ்தெல்லாவுக்கு அப்பன். போதுமா?"

கைப்பிடியில் இருந்த மாமியின் கை நின்றது.

நான் எழுந்து கதவை ஒருச்சாய்த்துத் திறந்தேன். "வாங்க கயத்தான்" என்றேன். அவர் காலால் எதையோ ஒதுக்கித் தள்ளியபடி பக்கவாட்டில் நுழைந்து, தன் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் என்னைப் பார்த்து, பிறகு நான் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார்.

"தூக்கிப் போடணும்ட்டி இந்தக் கதவை. தள்ளுனா எப்படிப் போவும்?" என்று தோளைக் கொடுத்தார்.

வெளியே, அவர் குரலிலேயே, தன்மையாக: "நான்தான்."

மாமி இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். ஏலக்கூடத்தில் கேட்கும் அந்தக் குரல் எங்கிருந்தோ, ஓட்டைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த ஏதோ ஒரு இடத்திலிருந்து, துருவைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"எந்த நான்?"

உரசல் நின்றது. கயத்தான் தோளால் கதவைத் தூக்கினார், நான் நீல நாக்கைத் தள்ளினேன், அது துளைக்குள் போய் உட்கார்ந்தது.